டோக்கியோவில் மனு பாக்கருக்கு நடந்தது: பிஸ்டல் கோளாறா, பதற்றமா?

வெயில்மணி:
வணக்கம். ஆபீஸில் ஒரு நண்பரோடு வாக்குவாதம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பயந்துபோய்ச் சொதப்பிவிட்டு பிஸ்டல் மேல் பழி போட்டவர்தானே" என்கிறார் அவர். எனக்கு இந்த விளையாட்டில் ஸ்கோர் பார்க்க மட்டும்தான் தெரியும். அன்று போட்டி நடுவே அவர் பிஸ்டலில் லீவர் உடைந்ததாம், அது அவ்வளவு பெரிய விஷயமா? வேறு பிஸ்டலை எடுத்துச் சுட வேண்டியதுதானே?

ஈயக்குண்டு:
ஆறு வருடம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டவள் நான், பெரிய மெடல் எதுவும் இல்லை. உங்கள் நண்பரை ஒருநாள் ரேஞ்சுக்கு அனுப்பிவையுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த லீவரைத் தூக்கினால்தான் பெல்லட், அதாவது சின்ன ஈயக்குண்டு, போடும் இடம் திறக்கும். அது உடைந்தால் கையில் இருப்பது ஒரு கிலோ இரும்பு, அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு. நம் பிஸ்டல் பழுதானால் கூடுதல் நேரம் கிடையாது. மனு வெளியே போய்ச் சரிசெய்துவிட்டு வருவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. அப்போது பாக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள். வழக்கமாக ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தூக்கி, மூச்சை இறக்கி, மனசு ஒப்பவில்லை என்றால் சுடாமலே கையை இறக்கி மறுபடி ஆரம்பிப்போம். நேரம் இல்லாதபோது அந்த இறக்குகிற உரிமைதான் முதலில் போகும்.

எனக்கும் ஒரு போட்டியில், குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் பக்கம் கசிந்தது. சரிசெய்ய ஒன்பது நிமிடம் போனது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி. திரும்பி வந்து சுட்ட முதல் ஐந்தில் இரண்டு எட்டு, ஒரு ஏழு! அந்த ஏழு இன்னும் கனவில் வரும். மனு அந்த நிலையில் 600க்கு 575 எடுத்தார். 12ஆம் இடம். எட்டுப் பேர் போகும் ஃபைனலுக்கு இரண்டே புள்ளி குறைவு.

மாற்று பிஸ்டல் பற்றி: பிடி நம் உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தூளும் பசையும் வைத்து, அரத்தால் ராவி ராவி உருவானது. டிரிகர் எடை, அதாவது சுடுவதற்கு விரல் இழுக்க வேண்டிய கனம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் அதே 500 கிராம் இன்னொரு பிஸ்டலில் வேறு மாதிரி விரலில் உட்காரும். அவசரத்துக்கு அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது போலத்தான். பயம் இருந்திருக்காதா என்றால், இருந்திருக்கும். 19 வயசு, முதல் ஒலிம்பிக்ஸ். அதற்காக உடைந்த லீவர் உடையாததாகிவிடுமா?

ஸ்கோர்போர்டு:
அக்கா சொன்னது சரி. ஆனால் அந்த ஒலிம்பிக்ஸில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்பு அணியிலும் 25 மீட்டரிலும்கூட அவர் ஃபைனல் போகவில்லையே, அதற்கு லீவரைச் சொல்ல முடியாது. 2018இல் 16 வயசில் குவாடலஹாராவில் உலகக் கோப்பைத் தங்கம், அதே வருடம் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் தங்கம், இளையோர் ஒலிம்பிக்ஸிலும் தங்கம். அப்படி வந்தவர்மேல் எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்! போதாததற்கு டோக்கியோவுக்கு முன்பே கோச் ஜஸ்பால் ராணாவோடு பிரிவு வேறு. 2023இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ராணா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மனு அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

வெயில்மணி:
நன்றி, இப்போது புரிகிறது. பாரிஸில் 10 மீட்டர் வெள்ளி 0.1 புள்ளியில் போனது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம்?

ஈயக்குண்டு:
டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீட்டர். ஃபைனலில் புள்ளியைப் பத்தில் ஒரு பங்கு வரை எண்ணுவார்கள், அந்த 8ஐப் பத்தாகப் பிரித்தால் 0.8 மில்லிமீட்டர். ஃபைனலில் கடைசியில் இருப்பவர் ஒவ்வொருவராக வெளியேறுவார். மூன்று பேர் மிச்சமிருக்க, 22 குண்டு முடிந்தபோது மனு 221.7, கொரியாவின் கிம் யே-ஜி 221.8. மனு வெளியே. அன்று நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். வருத்தமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் மெடல் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்.

இரண்டு நாளில் சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் கொரியாவை 16-10 என்று வென்று அடுத்த வெண்கலம். ஆனால் எனக்குப் பிடித்தது 25 மீட்டர். அது வேறு பிஸ்டல், வெடிமருந்துத் தோட்டா, டிரிகர் எடையே ஒரு கிலோ. தகுதிச் சுற்றின் இரண்டாம் பாதியில் டார்கெட் மூன்று வினாடிதான் காட்டும். அதில் 590 எடுத்து இரண்டாவதாக ஃபைனல் போனார். ஃபைனலில் ஹங்கேரியின் வெரோனிகா மேயரோடு புள்ளி சமமாகி, அதைத் தீர்க்க மறுபடி சுடும் ஷூட்-ஆஃப் வந்து, நாலாவது. மூன்றாவது மெடலை அவ்வளவு கிட்டத்தில் விட்டது வெறுப்பாக இருந்திருக்கும்.

உங்கள் நண்பர் அடுத்து 'நாலாவதுதானே' என்று ஆரம்பித்தால், அரைக்கிலோ உப்புப் பாக்கெட் இரண்டை ஒன்றாகக் கட்டி, கையை நீட்டி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

வெயில்மணி:
அவருக்கு முன்னால் நானே பிடித்துப் பார்த்தேன் அக்கா. நாற்பது வினாடி.