எல் 33 செப்பலின்: மிச்சத்தைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடலோரன்:
கோல்செஸ்டர் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் முதல் உலகப் போரில் ஜெர்மனி குண்டு போட அனுப்பிய செப்பலின் வான்கப்பல் எல் 33-இன் சட்டத்துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துராலுமின் என்ற அலுமினியக் கலவை. விரல் நீளம், ஓரமெல்லாம் ரிவெட் துளைகள், கனமே தெரியவில்லை. 198 மீட்டர் கப்பலை இதுவா தாங்கியது என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1916 செப்டம்பரில்தான் சேவைக்கு வந்தது. இங்கிலாந்து மேல் முதல் தடவை பறந்ததே கடைசி. அந்த மாதம் 24 அதிகாலை எசெக்ஸில் லிட்டில் விக்பரோ கிராமத்தில் இறங்கியதும், கேப்டன் பெக்கர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எச்சரித்துவிட்டுத்தான் கப்பலுக்குத் தீ வைத்தார். அப்புறம் கப்பலில் இருந்த 22 பேரும் உயிரோடு சாலையில் நடந்து, சைக்கிளில் வந்த ஒற்றைக் காவலரிடம் பிடிபட்டார்கள். அந்தக் கேப்டன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

போ ரோடு வாசி:
மரியாதையா? கதவைத் தட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவர் கிழக்கு லண்டனில் குண்டு போட்டுவிட்டு வந்திருந்தார். போ ரோட்டில் பிளாக் ஸ்வான் பப் நொறுங்கியது. அதை நடத்திய குடும்பத்திலேயே சாவு. அங்கே பஸ்ஸுக்கு நின்ற ஒரு வயதான அம்மா, தன் பாட்டி அன்று குழந்தைகளை மேசைக்கடியில் தள்ளியதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கையும் கீழே தள்ளுவது போலவே போனது. எதிரே நிற்பவர் வீட்டைத்தானே அவர் தட்டினார்? மேலிருந்து போட்டபோது யாருடைய கதவைத் தட்டினார்?

செம்பு நாணயம்:
கடலோரன் அண்ணா, காசு கொடுத்து வாங்கிவிடவில்லையே? லண்டனுக்கு வடக்கே கஃப்லியில் விழுந்த வான்கப்பலுடையது என்று ஒருவர் என்னிடம் துராலுமின் துண்டை நீட்டினார். கஃப்லியில் விழுந்தது எஸ்எல் 11 என்ற வேறு வகை ஜெர்மன் வான்கப்பல், அதன் சட்டம் மரம்! அதன் கம்பித் துண்டுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் நிதிக்காக விற்றது. கம்பி என்றால் நம்பலாம், உலோகச் சட்டம் என்றால் உடனே நகர்ந்துவிடுங்கள். எல் 33 கதை வேறு. குண்டடி பட்டு, மிதக்க வைக்கும் ஹைட்ரஜன் வாயு பெரும்பாலும் கசிந்துபோனதால், தீ வைத்தும் துணிதான் எரிந்தது, எலும்புக்கூடு அப்படியே நின்றது. அதை அளந்து பார்த்துத்தான் பிரிட்டிஷார் ஆர் 33, ஆர் 34 என்ற தங்கள் வான்கப்பல்களைக் கட்டினார்கள். ஆர் 34 1919-இல் அட்லாண்டிக்கையே தாண்டியது. அதனால் எல் 33 துண்டுகள் நிறையவே வெளியே போயின, போலியும் கூடவே வரும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பழைய கடிதமோ போட்டோவோ கேளுங்கள். வாய்வார்த்தைக்கு விலை கொடுக்காதீர்கள்.

கடலோரன்:
வாங்கவில்லை தம்பி. போ ரோடு வாசி, குண்டை நான் மறைக்கவில்லை. அதே இரவு எசெக்ஸில் பில்லரிக்கி அருகே எல் 32 என்ற இன்னொரு செப்பலின் வானத்திலேயே எரிந்து, அதிலிருந்த 22 பேரும் செத்தார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போ ரோடு வாசி:
சேர்க்கிறேன். பப்பில் இருந்தவர்களுக்குப் பிறகு.