பரணில் 11 பெட்டி வகுப்புத் தாள்கள்: எதை வைக்க, எதைப் போட?

பிப்பெட் வாத்தியார்:
அரசு மேல்நிலைப் பள்ளியில வேதியியல் முதுகலை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றேன். மகன் வீட்டுக்குக் குடி போறோம், அங்க எனக்கு ஒரே ஒரு அலமாரி. இங்க பரண்ல 11 அட்டைப் பெட்டி. பாடக்குறிப்பு நோட்டுகள், ஸ்டென்சில் வெட்டி உருட்டின வினாத்தாள்கள், பிராக்டிகல் மார்க் லிஸ்ட், சமச்சீருக்கு முந்தின புத்தகங்கள், ஓ.ஹெச்.பி. ஷீட்டுகள் (திரையில படம் காட்டற கண்ணாடித் தாள், ஒட்டிக்கிட்டு பிரியவே மாட்டேங்குது). நாலு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தாச்சு, குறைஞ்சது அரைப்பெட்டி. ஒவ்வொரு தாளையும் எடுத்தா படிக்க ஆரம்பிச்சிடறேன். வீட்டம்மா "பேப்பர்காரன் கிலோ கணக்குல எடுப்பான், நீங்க வருஷக் கணக்குல எடுக்கறீங்க"ங்கறாங்க. இதைக் கடந்து வந்தவங்க யாராவது வழி சொல்லுங்க.

கணக்கு டீச்சர்:
சார், முதல்ல பணி சம்பந்தப்பட்டதைத் தனியா எடுத்துடுங்க. பணிப்பதிவேட்டு நகல், ஊதிய நிர்ணய ஆணை, ஜி.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வருடக் கணக்குச் சீட்டு, ஓய்வூதிய ஆணை. இது பாடக் குறிப்போட கலந்து கிடக்கும். என் தேர்வுநிலை ஆணை ஒரு திரிகோணமிதி நோட்டுக்குள்ள இருந்துச்சு! பழைய பாடப்புத்தகங்கள் நிறைய தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல ஸ்கேனாவே இருக்கு. உங்க பதிப்பு அங்க இருந்தா தைரியமா போடலாம்.

சுண்டல் பொட்டலம்:
மார்க் லிஸ்டை மட்டும் அப்படியே எடைக்குப் போட்டுடாதீங்க. பிள்ளைங்க பேர், மார்க் எல்லாம் அதுல இருக்கும். ஒருமுறை பஸ் ஸ்டாண்டுல வேர்க்கடலை வாங்கினேன், சுத்தியிருந்தது ஏதோ பள்ளியோட அரையாண்டு மதிப்பெண் பட்டியல். மூணு பாடத்துல ஃபெயில் ஆன பையன் பேரை நான் ஏன் தெரிஞ்சிக்கணும்? கிழிச்சு, வாளித் தண்ணியில ஊறவச்சுப் போடுங்க.

புது பி.ஜி.:
நான் சேர்ந்து மூணு வருஷம்தான் சார். வினாத்தாள் எனக்கு வேண்டாம். உங்க காலத்துல வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு 150 மார்க், செய்முறைக்கு 50. இப்ப 70, 20, அகமதிப்பீடு 10. கேள்வி கேட்கற விதமே வேற. பாடத்தை நானே போனில் பார்த்துக்குவேன். ஆனா லேபில் பிள்ளைங்க எங்க சறுக்குவாங்கன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அப்படி ஏதாவது எழுதி வச்சிருந்தீங்கன்னா அனுப்புங்க.

பிப்பெட் வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரியே ஒரு ஊக்க ஊதிய ஆணை கரிம வேதியியல் நோட்டுக்குள்ள இருந்துச்சு. மார்க் லிஸ்ட் இப்ப வாளியில ஊறுது.

புது பி.ஜி. தம்பி, நீங்க கேட்டது கிடைச்சது. மூணு லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு பிராக்டிகல் முடிஞ்சதும் நோட்டோட பின்பக்கங்கள்ல பென்சில்ல கிறுக்கியிருக்கேன்: "நைட்ரேட் சோதனையில பழுப்பு வளையம் வரலைன்னு அழுதான். அமிலம் ஊத்தினதும் குலுக்கியிருக்கான்." "பிப்பெட்டில் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளறாங்க, அரை வகுப்பு." "பெர்மாங்கனேட் அளவு பார்க்கும்போது கரைசல் மட்டத்தோட கீழ்விளிம்பைப் பார்த்திருக்காங்க. நிறக் கரைசலுக்கு மேல்விளிம்புன்னு நாளைக்கு மறுபடி சொல்லணும்." "டைட்ரேஷன்ல பழுப்பாயிடுச்சு, அமிலம் குறைவு." முன்பக்கத்துல இருக்கற பாடக்குறிப்பு தலைமையாசிரியர் கையெழுத்துக்காக எழுதினது, வருஷா வருஷம் ஒரே மாதிரி. அந்தப் பக்கங்களை மட்டும் கிழிச்சுப் போட்டாச்சு. 11 பெட்டியில எனக்குன்னு இருந்தது பின்பக்கம்தான் போல.

போட்டோ எடுத்து அனுப்பறேன். அசல் அலமாரியில இருக்கட்டும். ராமபாணப் பூச்சி அரிக்காம என்ன போடலாம், வசம்பா, வேப்பிலையா?

கணக்கு டீச்சர்:
வேப்பிலை சார். நல்லா காய வச்சுப் போடுங்க.