‘நிலையான மின்னழுத்தம்’ என்பதற்கு மாற்றுச் சொல்: கலப்பு ரேம் குறித்து

யாங்கோனிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

என் பழுதுபார்க்கும் கடையில் வேலை பழகும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கைக்குறிப்பு எழுதிவருகிறேன். வெவ்வேறு காலத்தில் வாங்கிய ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பட்டைகளை ஒரே மேசைக் கணினியில் சேர்த்துப் போடும்போது மின்னழுத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும் என்னும் பகுதிக்கு வந்தபோது ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. எந்த அளவில் வைத்தால் எல்லாப் பட்டைகளும் தவறின்றி வேலை செய்யுமோ அந்த அளவை ‘நிலையான மின்னழுத்தம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பையன் ஒரு வாடிக்கையாளரிடம், “உங்கள் கணினிக்கு நிலையான மின்னழுத்தம் அமையவில்லை” என்று சொல்லிவிட்டான். அவர் மறுநாள் புதிதாக ஒரு ஸ்டெபிலைசரை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மின்சாரம் போனால் ‘மீ பியெ’ என்று பர்மியர் சொல்வதை நாளில் பலமுறை கேட்டு வாழ்கிற ஊர் இது. மின்சாரம் வரும்போதும் விளக்கு மங்கியும் கூசியும் எரிகிறது. இங்கே ‘நிலையான மின்னழுத்தம்’ என்றால் சுவரிலிருந்து ஏறாமல் இறங்காமல் வரும் மின்சாரம் என்றுதான் யாரும் பொருள் கொள்வார்கள். ஸ்டெபிலைசருக்கு நாமே ‘மின்னழுத்த நிலைப்படுத்தி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ரேமுக்கான மின்னழுத்தமோ தாய்ப்பலகையில் உள்ள சீராக்கியிலிருந்து வருகிறது. அது அநேகமாக அசையாமல்தான் இருக்கும். அசையாமல் இருந்தும் கணினி தடுமாறுகிறது என்பதுதான் இங்கே சிக்கல்.

பொருளையும் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4 பட்டைக்கு, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான ஜெடெக் வகுத்த அளவு 1.2 வோல்ட். செயல்படும் நெடுக்கம் 1.14 முதல் 1.26 வரை. சில்லு கெடாமல் தாங்குவதற்கான அறுதி எல்லை 1.5. ஆனால் கடையில் 3200 வேகம் (நொடிக்கு 3200 மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று அச்சிட்டு விற்கும் பட்டைகள் பலவற்றின் எக்ஸ்எம்பி குறிப்பில், அதாவது கூடுதல் வேகத்துக்காகத் தயாரித்தவர் பட்டையிலேயே பதித்துவைத்த அமைப்பில், 1.35 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கணினியில் 1.2 வோல்ட்டுக்கான 2666 வேகப் பட்டைகள் இரண்டும், 1.35 வோல்ட்டுக்கான 3200 வேகப் பட்டைகள் இரண்டும் இருந்தன. டிடிஆர்4 பலகையில் நான்கு செருகுவாய்களுக்கும் சேர்த்து ஒரே மின்னழுத்தம்தான் கொடுக்க முடியும். இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று பந்தியில் பரிமாறுவதுபோல் பிரித்துக் கொடுக்க இயலாது. எக்ஸ்எம்பியை நிறுத்திவைத்தால் பலகை எல்லாப் பட்டைகளிலும் அவற்றின் விவரத்தைத் தாங்கிய எஸ்பிடி என்னும் சிறு சில்லைப் படித்து, அனைத்துக்கும் பொதுவான மெதுவான வேகத்தில் 1.2 வோல்ட்டிலேயே ஓடும். அதில் ஆபத்து இல்லை, ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் இல்லை. வேகம் வேண்டுமென்றால் நாமே ஓர் அளவைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படித் தேடிப் பிடிக்கும் அளவுக்குத்தான் பெயர் கேட்கிறேன். ‘பொது மின்னழுத்தம்’, ‘பிழையா மின்னழுத்தம்’ என்ற இரண்டும் என் மனத்தில் உள்ளன. வாடாமலர், ஓயாக்கடல் என்பவற்றைப் போலப் ‘பிழையா’ என்பது செறிவாக இருப்பதாகத் தோன்றுகிறது.


மோல்மேனிலிருந்து மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

எனக்குக் கணினியின் உட்புறம் தெரியாது. கோயில் வகுப்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘பிழையா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் பிழைத்தல் என்னும் வினைக்குத் தவறுதல் என்றும் பொருள் உண்டு, உயிர்தப்பி வாழ்தல் என்றும் பொருள் உண்டு. நம் வீடுகளில் வழங்குவது இரண்டாவது பொருள்தான். “ஆள் பிழைக்க மாட்டான்” என்று மருத்துவமனை வாசலில் கேட்டு வளர்ந்த பிள்ளை, ‘பிழையா மின்னழுத்தம்’ என்று படித்தால், இந்த அளவில் வைத்தால் கணினி பிழைக்காது போலும் என்று எண்ணிவிடக்கூடும். நீங்கள் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர்.

‘வழுவா மின்னழுத்தம்’ என்று ஒருவர் முன்மொழியக்கூடும் என்பதால் அதையும் இப்போதே பார்த்துவிடுவோம். நிரலில் உள்ள பிழையை ‘வழு’ என்று கணித்தமிழர் வழங்குவதால் அது பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் வழுவுதல் என்றால் நழுவுதல், விலகுதல். நெறி வழுவாதவன் என்கிறோம். எனவே ‘வழுவா மின்னழுத்தம்’ என்பது நழுவாத, ஏறி இறங்காத மின்னழுத்தம் என்றாகி, உங்கள் வாடிக்கையாளர் மறுபடியும் ஸ்டெபிலைசர் கடைக்கே போய்விடுவார்.

இவை எல்லாவற்றிலும் ஒரே குறை இருப்பதாகக் கருதுகிறேன். அடைமொழி மின்னழுத்தத்தின் குணத்தைச் சொல்வதாக அமைந்துவிடுகிறது. நீங்களோ பட்டைகளுக்கிடையே ஏற்படும் ஒரு நிலையைச் சொல்ல விரும்புகிறீர்கள். ஒன்று ஒரு தாளத்திலும் மற்றொன்று வேறு தாளத்திலும் போகாமல் எல்லாம் ஒத்துப்போகும் அளவு அது என்றால், ‘இசைவு மின்னழுத்தம்’ என்று சொல்லலாமே. இசைவு என்றால் உடன்பாடு. உடன்பட வேண்டியவர் ஒன்றுக்கு மேற்பட்டவர் என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னொன்று. சேர்த்து விற்கும் பட்டைகளுக்கு முந்தைய மடல்களில் ‘சோடி’ என்று எழுதி வந்தீர்கள். நான்கு பட்டைகள் ஒன்றாக விற்கப்படுவதும் உண்டு என்று நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படியானால் சோடி பொருந்தாது. வெற்றிலைக்கட்டு, சீட்டுக்கட்டு என்பதுபோலக் ‘கட்டு’ என்றே சொல்லுங்கள். இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலந்து ஆடினால் என்ன குழப்பம் வரும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.


மாண்டலேயிலிருந்து மறுமொழி

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் வணக்கம்.

ஐயா சொன்ன ‘இசைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. அண்ணா சொன்ன ‘பொது மின்னழுத்தம்’ டிடிஆர்4 வரைக்கும் சரி, அதற்குப் பிறகு நிற்காது. மேசைக் கணினிக்கான டிடிஆர்5 பட்டை ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைச் சீராக்கும் சில்லு பட்டையிலேயே இருக்கிறது. பலகை 5 வோல்ட் கொடுக்க, பட்டை தனக்கு வேண்டிய 1.1 வோல்ட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆகவே அங்கே மின்னழுத்தம் பொதுவாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் கட்டுகளைக் கலந்தால் தகராறு வருகிறது. இசைவு என்ற சொல் அங்கும் பொருந்தும்.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ‘இசைவு மின்னழுத்தம்’ என்று தனியாகச் சொன்னால், மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் இசைவு வந்துவிடும் என்று பழகும் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். நான்கு பட்டைகளை ஏற்றும்போது சுமை விழுவது செயலியில் (சிபியு) உள்ள நினைவகக் கட்டுப்பாட்டகத்தின் மேலும்தான். அதனால் முடியாததை ரேம் மின்னழுத்தம் முடித்துக் கொடுக்காது. செயலியும் இந்த உடன்பாட்டில் ஒரு தரப்பு என்பது எங்காவது வர வேண்டும். பழைய டிடிஆர்3 கணினிகளில் இது வெளிப்படையாகத் தெரியும். 1.5 வோல்ட்டுக்கான டிடிஆர்3 பட்டையோடு 1.35 வோல்ட்டுக்கான டிடிஆர்3எல் பட்டையைச் சேர்த்தால் 1.5 இரண்டுக்கும் ஒத்துவரும், ஏனெனில் டிடிஆர்3எல் பட்டை 1.5-லும் இயங்குமாறே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் செயலியாக இருந்தால் அந்த 1.5-ஐ வைக்கக் கூடாது. பட்டைகள் இரண்டும் தலையாட்டிவிட்டன என்பதற்காகச் செயலியைக் கேட்காமல் விட முடியாதல்லவா?


யாங்கோனிலிருந்து

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

‘பிழையா’ என்ற சொல்லைக் கைவிட்டேன். ஐயா சொன்ன பிறகு அது என் காதிலும் அபசகுனமாகவே ஒலிக்கிறது. ‘கட்டு’ என்பதை உடனே எடுத்துக்கொண்டேன். ‘பட்டை’யை மட்டும் மாற்றப்போவதில்லை, ‘நினைவக அட்டை’ என்று எழுதினால் கைப்பேசியில் செருகும் அட்டையைத் தேடுவார்கள்.

தங்கை சொன்னதை அந்த நான்கு பட்டைக் கணினியிலேயே கண்டேன். 3200 வேகத்தில் 1.35 வோல்ட் வைத்து மெம்டெஸ்ட்86 என்னும் ரேம் சோதனை நிரலை ஓட்டியபோது மூன்றாவது சுற்றில் பிழைகள் வந்தன. 1.38 வைத்தேன், 1.40 வைத்தேன், எண்ணிக்கை குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு 1.35-க்கே இறக்கி, வேகத்தை 2933 ஆக்கினேன். இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் இல்லை. (இரவு முழுவதும் என்று எளிதாக எழுதிவிட்டேன். அதற்காக இன்வெர்ட்டரில் வீட்டு மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.) ஆகவே வேகத்தைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எங்கும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ‘2933 வேகத்தில் இசைவு மின்னழுத்தம் 1.35 வோல்ட்’ என்பதுதான் முழுத் தொடர்.

வெப்பத்தையும் இதில் சேர்த்தாக வேண்டும். செலவாகும் மின்திறன் ஏறக்குறைய மின்னழுத்தத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், 1.2-லிருந்து 1.35-க்கு ஏற்றுவது பார்வைக்குச் சிறிதாயினும் மின்திறனில் கால் பங்குக்கு மேல் கூட்டிவிடுகிறது. ரேமில் உள்ள மின்னேற்றம் கசியக் கசிய 64 மில்லி நொடிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். சில்லின் வெப்பம் 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதை 32 மில்லி நொடிக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. மார்கழிக் காலையில் கிடைத்த இசைவு சித்திரை வெயிலில் முறிவதற்கு இது ஒரு காரணம். நீர் தெளிக்கும் திருவிழா நெருங்கும் நாட்களில் கடைக்கு வரும் கலப்புக் கட்டுக் கணினிகளைப் பார்த்தால் தெரியும். அதனால் சோதனையைப் பெட்டியின் மூடியைப் போட்டே செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

பாதுகாப்பான அளவு என்பதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இசைவு நாம் சோதித்துக் காண்பது. எல்லை தயாரித்தவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து முன்கூட்டியே வைத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னதே முதல் குழப்பத்துக்கு வேர். அதற்குக் ‘காப்பெல்லை’ என்று வைத்திருக்கிறேன். 1.2 வோல்ட் பட்டை கலந்திருந்தால் கடையில் இனி 1.35-க்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நான் வைத்த காப்பெல்லை. அறுதி எல்லையான 1.5 வரை போகலாமே என்று கேட்பவர்கள், அது சில்லு சாகாமல் இருப்பதற்கான எல்லையே தவிர ஒழுங்காக வேலை செய்வதற்கான எல்லை அன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கைக்குறிப்பில் இப்போது உள்ள வாசகம் இது:

“இசைவு மின்னழுத்தம்: வெவ்வேறு கட்டுகளைச் சேர்ந்த ரேம் பட்டைகளும் செயலியும், குறிப்பிட்ட வேகத்தில், பெட்டி சூடேறிய நிலையிலும், சோதனையில் பிழை காட்டாமல் ஒத்து இயங்கும் மிகக் குறைந்த மின்னழுத்தம். இது எந்தப் பட்டையின் காப்பெல்லையையும் செயலியின் காப்பெல்லையையும் தாண்டக் கூடாது. தாண்டினால்தான் பிழை நிற்கிறது என்றால், வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் ஒரு கட்டைக் கழற்றி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.”

‘மிகக் குறைந்த’ என்பதை நேற்றுத்தான் சேர்த்தேன். ஒத்து இயங்கும் அளவுகள் பல இருக்கலாம், அவற்றுள் தாழ்ந்ததையே எடுக்க வேண்டும். ஐயாவிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது: ‘கலப்புக் கட்டு’ என்பதில் ஒற்று மிகுவது சரிதானே? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் மாற்றம் இருந்தால் எழுதுங்கள்.