பென்னாகரம் பக்கம் மாலை வகுப்பும் கோடை முகாமும் தொடங்குவது பற்றி

கேள்வி (பென்னாகரம் வட்டம்)

வணக்கம். எங்கள் ஊரில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, பள்ளி விட்ட பிறகு படிப்பும் விளையாட்டும், ஏப்ரல், மே விடுமுறையில் கோடை முகாமும் கட்டணமின்றி நடத்த நண்பர்கள் நால்வர் முடிவு செய்திருக்கிறோம். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எங்களில் இருவர் தன்னார்வலர்களாக இருந்ததால் கற்பித்துப் பழக்கம் உண்டு; பதிவு செய்வதிலும் இடம் பிடிப்பதிலும்தான் தெளிவில்லை. அறக்கட்டளையா, சங்கமா? அரசுப் பள்ளிக் கட்டடத்தை மாலையில் தருவார்களா? பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் இங்கே அதிகம் என்பதையும் மனத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி (தருமபுரி, கணக்கர்)

சங்கமாகப் பதிய, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் நால்வர்தான் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவதே எளிது. நோக்கம் என்ற இடத்தில் கல்வி என்று மட்டும் எழுதிவிடாமல் விளையாட்டு, நூலகம், கோடை முகாம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஓசூர் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை உடனே நம்ப வேண்டாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகள், அந்நிறுவனமோ அரசோ தொடங்காத அமைப்புக்கு மூன்றாண்டுப் பணி அனுபவம் கேட்கின்றன. அதுவரை ஊர்க்காரர் நன்கொடைதான்.

மறுமொழி (காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

கட்டடத்தைத் தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்டால் அவர் தயங்குவார். அது அவருடைய பொறுப்பு, குறை சொல்ல முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானம் வாங்கி, சாவி யாரிடம் இருக்கும், கழிப்பறையை யார் சுத்தம் செய்வது, மின்கட்டணத்தில் யார் பங்கு என்று எழுத்தில் கொடுத்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவித்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, தயவுசெய்து இன்னொரு டியூஷன் நடத்தாதீர்கள். பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு முதலில் சுண்டலும் அரை மணி நேரக் கபடியும் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் போதும்; ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுபவனைத் தனியாக உட்கார வைத்து, மற்றவர் காதில் விழாமல் படிக்கச் செய்யுங்கள்.

கோடை வேறு கதை. எங்கள் பக்கம் அது மாங்காய்ப் பருவம். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம், விடுமுறையில் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவ இடம் தருவதால், தோட்டத்துக்குப் போகும் பிள்ளையின் வீட்டாரோடு சட்டம் பேசிப் பயனில்லை. முகாம் நேரத்தை வீட்டு வேலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். எப்படியும் பத்து மணிக்கு மேல் வெயிலில் யாரும் விளையாடப் போவதில்லை.

மறுமொழி (அரூர், முன்னாள் தன்னார்வலர்)

பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால், வகுப்பு முடியும் நேரத்தை அவர்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ்தான் முடிவு செய்யும். இருட்டுவதற்கு முன் வீடு சேராவிட்டால் மறுநாள் பாட்டி அனுப்ப மாட்டார். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். தலைமையாசிரியர் ஐயா சொல்லாத இன்னொன்று: சித்திரை, வைகாசி நம் மாவட்டங்களில் முகூர்த்தக் காலமும்கூட. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண் முகாமுக்குத் திடீரென்று வராமல் போனால் அன்றைக்கே வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். ஊர்ப் பகை வருமே என்று நால்வரும் பயப்படுவீர்கள் என்பதால், யார் அழைப்பது என்பதை முகாமுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.