200 மி.கி. அசிட்டனிலைடு பிப்பெட் நுனியிலேயே உறைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியில் இளநிலை வேதியியல் செய்முறை வகுப்புக்காகக் கேட்கிறேன். அசிட்டனிலைடு என்ற கரிமச் சேர்மத்தை வெந்நீரில் கரைத்து, வடித்து, ஆறவைத்துப் படிகமாக்கித் தூய்மையாக்கும் சோதனை இது. 200 மி.கி. கச்சா அசிட்டனிலைடு, 5 மி.லி. கொதிநீர், நிறம் நீக்கக் கத்தி முனையளவு கரித்தூள். பஞ்சு அடைத்த பாஸ்டர் பிப்பெட்டில் (நுனி மெலிந்த கண்ணாடிச் சொட்டுக் குழாய்) வடிக்கிறோம். பாதி இறங்குவதற்குள் நுனியில் படிகம் அடைத்துக்கொள்கிறது. பிப்பெட்டை முன்கூட்டியே சூடாக்கியும் பார்த்தாயிற்று.

நீர் 3.5 மி.லி. ஆகக் குறைந்தால் அடியில் எண்ணெய்த் துளி நிற்கிறது. அது அழுக்கு இல்லை, உருகிய அசிட்டனிலைடுதான். சில சொட்டு வெந்நீர் விட்டால் கரைந்துவிடும். ஆனால் மாணவர்கள் அழுக்கென்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள், மனசு பதைக்கிறது.

நீர் 8 மி.லி. எடுத்தால் அடைப்பே இல்லை. ஆனால் 25 டிகிரியில் 100 மி.லி. நீர் அரை கிராமைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதாவது 8 மி.லி.யில் 40 மி.கி. தாய்க்கரைசலோடு (படிகம் பிரிந்தபின் மிஞ்சும் கரைசல்) போகும். சித்திரை வெயிலில் இங்கே இன்னும் கூடுதல், ஐஸ் இல்லாமல் முடியாது.

வடித்தபின் 5 மி.லி.க்குச் சுண்டவைத்தால் சிறு குழாயில் தூக்கித் தெறிக்கிறது. கொதிகல்லை (சீராகக் கொதிக்கப் போடும் சிறு கல்) தவிர வேறு என்ன செய்யலாம்? தூளுக்குப் பதில் குருணைக் கரி போட்டு, வடிகட்டாமல் தெளிவை மட்டும் உறிஞ்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மி.கி. போட்டீர்கள், நிறம் முழுதும் போனதா?