கோழி வளர்த்தவர்களே, இன்னும் மனதைக் குடைகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நார்க்கூளம்:
நானே ஆரம்பிக்கிறேன். எந்த ரகம் நல்லது, கிலோவுக்கு எவ்வளவு தீவனம் என்பதெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. கோழியை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் படுக்கையில் திடீரென்று ஞாபகம் வருமே, அந்த மாதிரி ஒன்று வேண்டும்.

என்னுடையது இது. 200 குஞ்சு, ஒன்பதாம் நாள். புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற அடைப்பில், நான்கு குண்டு பல்பு. ராத்திரி பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தேன், பரவலாகப் படுத்திருந்தன, சத்தமே இல்லை, சூடு சரியாக இருக்கிறது என்று போய்ப் படுத்துவிட்டேன். மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியாது. காலையில் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் ஒரே மூலையில் கும்பலாகக் கிடந்தன. மேலே இருந்தவை என்னைப் பார்த்ததும் கத்திக்கொண்டு தீவனத் தட்டுக்கு ஓடிவிட்டன. அடியில் இருந்தவை அப்படியே கிடந்தன. கையை உள்ளே விட்டேன், கதகதப்பாக இருந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை. குளிரில் போனவை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவை குளிருக்குப் பயந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிப் போனவை. 63. வாளியில் எடுத்துப் போடும்போது ஒன்று கொட்டாவி மாதிரி வாயைத் திறந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தேன், ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் 64.

ஓலைக்கூடை:
என் கதையில் சாவு இல்லை, ஆனால் இன்றைக்கும் முட்டைப் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விடமாட்டேன்.

சாயங்காலம், பாதி இருட்டு. வரிசையாக ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டே போகிறேன். ஐந்தாவதில் ஒரு பெட்டை உட்கார்ந்திருந்தது, எப்போதும் கொத்துகிறது, அன்றைக்குக் கொத்தவில்லை. சரி, நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அடிவயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்தால் முட்டை கிடைத்தது. வழவழவென்று இருந்தது, ஆனால் மேலே ஏதோ உறை போட்ட மாதிரி, இழுத்தால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அது நகர்ந்தது. பாம்பின் கழுத்துக்குள் இருந்த முட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் போட்ட கத்தலில் மற்ற கோழிகள் எல்லாம் வெளியே பறந்தன, இந்தப் பெட்டை மட்டும் அசையவே இல்லை. எவ்வளவு நேரம் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தனவோ!

தராசு:
நார்க்கூளம் சொன்னதைப் படித்தேன். வருத்தம்தான். ஆனால் மின்சாரத்தின் மேல் பழி போடுவது சரியில்லை. ‘ஒரே மூலையில்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புரூடரில் மூலை ஏன் இருந்தது? அட்டையோ தகடோ வைத்து வட்டமாகக் காப்பு கட்டியிருந்தால் ஒதுங்க மூலையே கிடைத்திருக்காது, பல்பு அணைந்தாலும் இவ்வளவு போயிருக்காது. இரண்டாவது, முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைச் சுவரில் மாட்டிய வெப்பமானியில் பார்ப்பார்கள். குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், அங்கே வேறு கணக்கு. வெப்பமானியே இல்லாவிட்டாலும் குஞ்சு சொல்லிவிடும். விளக்குக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரமாக விலகி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. மூன்றாவது, மின்சாரம் போனால் சத்தம் போடுகிற சின்னக் கருவி ஒன்றை படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சத்தம் கேட்டதும் சூடான தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் ஓரிரண்டு மணி நேரம் தாங்கும். மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள், அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பார்க்கப் போகிற ஆளையும் கொல்லும்.

இன்னொன்று. தரையில் பரப்பியிருக்கிற கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரக் கூளத்தில்தான் ரத்தக் கழிச்சல் வரும், பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து. எச்சத்தில் வெளியேறும் அந்த நோய்க்கிருமியின் முட்டைக்கூடுகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரண்டு நாளில் தொற்றத் தயாராகிவிடும். தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கிவைத்தாலே சிந்துவது நன்றாகக் குறையும்.

என் அனுபவம் என்று கேட்டால், எனக்கும் ஒரு தடவை 40 போயிருக்கிறது. அது வேறு விஷயம்.

நார்க்கூளம்:
மூலை என் தப்பு என்று எனக்குத் தெரியும் ஐயா. 64 குழந்தைகளைப் புதைத்தவனிடம் குழி தோண்டும் அளவு சொல்கிற மாதிரி இருக்கிறது உங்கள் பதில். இங்கே நான் யோசனை கேட்கவில்லை.

பஞ்சாரம்:
சண்டை வேண்டாம், என்னுடையதைக் கேளுங்கள்.

முதல் தடவை அடைகாப்பான் வாங்கி வைத்த முட்டைகள். 18 நாள் திருப்பித் திருப்பி வைத்து, அப்புறம் திருப்புவதை நிறுத்தி, 21 ஆம் நாள் காலையில் ஆறு பொரித்துவிட்டன. ஏழாவது முட்டையில் ஒரு ஓட்டை, அதற்குள் அலகு நுனி, அவ்வளவுதான். மதியம் வரை அப்படியே. உள்ளேயிருந்து சத்தம் வருகிறது, அதற்கு வெளியே இருக்கிற ஆறும் பதில் சொல்கின்றன, என்னால் உட்கார முடியவில்லை. பாவம், முடியாமல் கிடக்கிறது என்று நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். ஓடு சுலபமாக வந்தது. அடியில் வெள்ளைச் சவ்வு. அதையும் கிள்ளினேன். சவ்வில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது, நூல் மாதிரி, அப்புறம் அது சொட்டியது.

சவ்வின் ரத்தக் குழாய்கள் அப்போது இன்னும் வற்றவில்லை, மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுசாக ஏறவில்லை. ஓட்டை போட்ட பிறகு குஞ்சு சும்மா கிடக்கிற அந்த நேரத்தில்தான் உள்ளே இதெல்லாம் நடக்கிறது, 24 மணி நேரம்கூட ஆகலாம் என்று பிறகுதான் படித்தேன். அது களைத்துப்போய்க் கிடக்கவில்லை. ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை மூடிவிட்டு விளக்கை அணைத்தேன், என்னமோ அது தூங்கட்டும் என்கிற மாதிரி.

கூழாங்கல்:
பஞ்சாரம் அக்கா, எல்லாத் தடவையும் அப்படி ஆகாது. நான் உதவி செய்து வெளியே எடுத்தது மூன்று, இரண்டு நன்றாக வளர்ந்தன. முழு நாள் தாண்டியும் நகரவில்லை, சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது என்றால் உள்ளே விட்டாலும் சாகும். நீங்கள் அவசரப்பட்டீர்கள், அவ்வளவுதான், கொலை செய்யவில்லை.

என்னுடையது கறிக்கோழி. 25 வளர்த்தேன், 42 ஆம் நாள் அறுப்பு என்று ஏற்பாடு. முந்தின ராத்திரி தீவனத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தேன், குடல் காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்யும்போது கறியில் அசிங்கம் படாது. 24 முடிந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், காரணம் கேட்காதீர்கள், கைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. நான் என்னமோ அதற்கு உயிர்ப்பிச்சை கொடுத்த பெருமையில் இருந்தேன். அந்த ரகம் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுவதற்கென்றே உருவாக்கியது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும், காலும் இதயமும் ஈடுகொடுக்காது. பதினொன்றாவது வாரம் நான் தீவனக் கிண்ணத்தோடு வந்ததைப் பார்த்து எழுந்தது, மூன்று அடி வந்தது, கால் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கி மார்பில் உட்கார்ந்துவிட்டது. இறக்கையைத் துடுப்பு மாதிரி போட்டு மீதித் தூரத்தையும் வந்தது. வந்து சாப்பிட்டது. அன்றைக்கே அறுத்துவிட்டேன். அந்த 24-க்கு நான் கெடுதல் செய்ததாகத் தோன்றவில்லை. இதற்குத்தான் தோன்றுகிறது.

மேய்ச்சல்:
எல்லாரும் குஞ்சு, முட்டை என்கிறீர்கள். எனக்கு வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்கிற வைரஸ் நோய். தடுப்பு மருந்து கொடுத்தும் வந்தது, அதனால் மருந்து போலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தவறு என்னுடையது. குழாய்த் தண்ணீரில் கலந்தேன். குளோரின் இருக்கிற தண்ணீரில் அந்த உயிர் மருந்து செத்துவிடும். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கொஞ்சம் முதலில் கலந்தால் குளோரின் அடங்கும். ஓரிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் வர வைத்து, பிறகு மருந்துத் தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வைக்க வேண்டும். நான் காலையில் வைத்தது சாயங்காலம் வரை வெயிலில் கிடந்தது.

பச்சையாகக் கழிந்து, மூக்கில் வடிந்து, வரிசையாகப் போய்விட்டன. ஒன்றே ஒன்று பிழைத்தது, கழுத்து முறுக்கிக்கொண்டது. வானத்தைப் பார்த்தபடி பின்னோக்கியே நடக்கும். ஒரு தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தும், அலகு இரண்டு விரல் தள்ளி விழும், திரும்பக் கொத்தும். ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை கிடைக்கும். ஆழமான கிண்ணத்தில் வைத்தால் எங்கே கொத்தினாலும் தீவனம் என்று கண்டுபிடித்து வைத்தேன். அது முட்டைகூட இட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

காவல்நாய்:
சுருக்கமாக. கோழிவலை என்று விற்கிற அறுகோண வலை, கோழியை உள்ளே வைக்கத்தான், மற்றதை வெளியே நிறுத்த இல்லை. எனக்கு அது தெரியாத காலத்தில், காலையில் வலையோரமாக ஒரு பெட்டை நின்றுகொண்டிருந்தது என்று நினைத்து ‘பா பா’ என்று கூப்பிட்டேன். நிற்கவில்லை, வலையில் சாய்ந்திருந்தது. தலை வலைக்கு வெளியே போயிருந்தது, அதாவது தலை இல்லை. கீரியோ மரநாயோ, இன்றுவரை தெரியாது. பக்கத்துத் தடியில் மற்ற ஏழும் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. சின்னக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை போடுங்கள், அடியில் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். (நானும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன், நார்க்கூளம் மன்னிக்கவும்.)

நார்க்கூளம்:
நீங்கள் முதலில் கதையைச் சொன்னீர்கள், அதனால் பரவாயில்லை. தராசு ஐயா, அந்த 40 எப்படிப் போனது? ‘வேறு விஷயம்’ என்று விட்டுவிட்டீர்களே.

தராசு:
வெயில்.

ஐந்து வாரக் கறிக்கோழி, காற்றே இல்லாத நாள். மதியம் தீவனம் வைத்தவன் நான். செரிக்கும்போது உடம்புக்குள் சூடு ஏறும், அந்த நேரத்தில் தீவனத்தை எடுத்துவிட வேண்டும், அதிகாலையும் ராத்திரியும் போதும், இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். இரண்டரை மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் இறக்கையை விரித்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து தரையோடு கிடந்தன, ஆனால் உயிரோடு இருந்தன. பதறிப்போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கத்தியபடி உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்துப் பயந்து எழுந்து ஓடின. ஓடியவை நான்கைந்து அடியில் விழுந்தன. கொட்டகையின் அந்தக் கோடிக்கு நான் போகவில்லை, அங்கே இருந்தவற்றில் ஒன்றும் சாகவில்லை.

வாசலிலேயே நின்று கூரையில் மட்டும் தண்ணீர் அடித்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மூலை பற்றி எழுதியதை வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

நார்க்கூளம்:
இல்லை, வட்டமாகக் கட்ட வேண்டும் என்பது சரிதான்.

பஞ்சாரம்:
ஓலைக்கூடை, அந்த முட்டை என்ன ஆனது?

ஓலைக்கூடை:
நான் கத்திய கத்தலில் பாம்பு அதைக் கக்கிவிட்டுப் போனது. ஓடு உடையவில்லை. அந்தப் பெட்டை கழுத்தை நீட்டி, முட்டையை அலகால் உருட்டித் தனக்கடியில் தள்ளிக்கொண்டது. அதற்குப் பிறகு என் கையைக் கொத்தியது.