போஸ்ட்கிரெஸ் 14 லாகின்: டீம் விக்கியில் இரண்டு பக்கம், இரண்டு பதில்

எங்கள் டீம் விக்கியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் லாகின் பற்றி இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, யார் எந்த முறையில் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ ஃபைலில் எம்டி5 (பழைய பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறை) என்று போடச் சொல்கிறது. இன்னொன்று, எம்டி5 கூடவே கூடாது, எல்லாம் அதைவிடப் பாதுகாப்பான ஸ்க்ராம்-ஷா-256 முறைதான் என்கிறது. முதல் பக்கத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டாவதில் தேதியே இல்லை.

பழைய சர்வர் உபுண்டு 18.04, போஸ்ட்கிரெஸ் 10. போன வாரம் உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் 14-க்கு மாறினோம். யூசர்களை, பழைய சர்வரில் இருப்பதை எடுத்துத் தரும் பிஜி_டம்ப்ஆல் கருவி மூலம் கொண்டுவந்தோம். புது சர்வரில் பழைய யூசர்கள் யாராலும் உள்ளே போக முடியவில்லை. புதிதாக உருவாக்கிய யூசருக்குப் பிரச்சினை இல்லை. இப்போதைக்குப் பழைய சர்வரில்தான் வண்டி ஓடுகிறது.

யூசர்களின் பாஸ்வேர்ட் சேமிக்கப்படும் பிஜி_ஆத்ஐடி டேபிளைப் பார்த்தேன். பழையவர்களின் பாஸ்வேர்ட் 'எம்டி5' என்று தொடங்குகிறது, புதியவர்களுடையது 'ஸ்க்ராம்' என்று. 14-இல் டீஃபால்ட் முறை எம்டி5-இலிருந்து ஸ்க்ராமுக்கு மாறியதுதான் காரணம். டெஸ்ட் சர்வர் ஃபைலில் எம்டி5 என்று மாற்றினால் இரு தரப்பும் உள்ளே போகிறார்கள். சரி, முதல் பக்கமே போதும் என்றால், செக்யூரிட்டி டீம் இரண்டாவது பக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறது. எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்தான். ஆனால் ரிப்போர்ட் எடுக்கும் பழைய ஆப் ஒன்று லிப்பிக்யூ (போஸ்ட்கிரெஸுடன் பேச உதவும் லைப்ரரி) 9.6-இல் ஓடுகிறது, அதற்கு ஸ்க்ராம் தெரியாது. வெண்டரும் கைவிரித்துவிட்டார்.

அந்த ஆப்பின் யூசருக்கும் ஐபிக்கும் மட்டும் ஃபைலில் மேலே ஒரு எம்டி5 வரி போட்டு, மற்ற எல்லோரையும் ஸ்க்ராமுக்கு மாற்றி, விக்கியிலும் அதையே ஒரே பக்கமாக எழுதலாம் என்றிருக்கிறேன். புரொடக்‌ஷனில் இப்படி ஓட்டியவர்களுக்கு எங்காவது இடித்ததா?